டவுன்ஹில் ஏற்றம், காலை ஐந்தே முக்கால்

பொத்தானில் ஒரு செவ்வகம்,
அதற்குள் மூன்று பாம்பு நெளிந்து மேலே போகும்.
அழுத்தினால் ஆரஞ்சு விளக்கு.
பக்கக் கண்ணாடி இரண்டும் சத்தமில்லாமல்
தோசைக்கல் மாதிரி காயத் தொடங்கும்.
இந்தக் காரை எனக்கு விற்ற டாக்டர்
ஜூலை வந்தால் என்னை வாழ்த்துவாய் என்றார்.
வாழ்த்துகிறேன்.
கிளட்சுக்காகத் திட்டவும் செய்கிறேன்.

நார்த்டேல் பெட்ரோல் பங்கில் ஏறுவோம்,
ஹோவிக்கில் ஏழு மணி ஷிப்டு.
முன்னால் என் பக்கத்தில் நொம்புசோ,
பின்னால் இந்திராணி மூட்லி, ஜெயசீலி,
நடுவில் கொண்டையோடு திலகவதி.
கதவைச் சாத்தி அரை நிமிஷம் ஆகாது,
ஐந்து பேர் மூச்சும் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும்.

ஆளுக்கொரு வைத்தியம்.
உருளைக்கிழங்கை வெட்டித் தேயேன் என்பாள் இந்திராணி.
பழைய பேப்பர்தான் சரி என்பாள் ஜெயசீலி.
நொம்புசோ ஒன்றும் சொல்லாமல்
ஜன்னலை ஒரு விரல் அளவு இறக்குவாள்,
பின் சீட்டில் கூச்சல் கிளம்பும்.
சூட்டோடு ஏசியையும் சேர்த்துப் போடுவேன்.
பைத்தியமா உனக்கு, இந்தக் குளிரில் ஏசியா?
குளிருக்கு இல்லையடி, ஈரத்தைக் குடிக்க.
எத்தனை தடவைதான் சொல்வது.
அதற்குள் இரண்டு சீட்டுக்கும் நடுவே எக்கி
ஸ்வெட்டர் கையால் துடைத்திருப்பாள் திலகவதி,
எதிரே வரும் விளக்கெல்லாம்
அந்த இழுப்பில் வால் முளைத்து நீளும்.
துடைத்துக்கொண்டே பேசுவாள்:
மகள் காலேஜ் பீஸ், கூரைத் தகரம், ராத்திரி வார்டில்
ரத்த அழுத்தம் பார்க்க விடாத கிழவர்.
பேசுகிறவள் மூச்சில்தான் ஈரம் அதிகம்
என்பது என் கட்சி.

பின் கண்ணாடியில் பதினொரு கம்பி.
நாலாவது அறுந்துபோனது, சைக்கிள் ஏற்றியபோது.
அந்த ஒரு பட்டை மட்டும் எப்போதும் வெளுப்பாக நிற்கும்.
அதனால் நஷ்டமில்லை, அங்கேதான் கொண்டை.
பின்னால் வருவதைப் பக்கக் கண்ணாடியில் பார்த்துப் பழகிவிட்டேன்:
டர்பனில் சரக்கேற்றிய லாரிகள்
மஞ்சள் கோட்டை உரசியபடி
மூட்டத்துக்குள் கண் சிமிட்டிக்கொண்டே ஏறும்.

சீடாரா தாண்டினால்தான்
முன் கண்ணாடி முழுசாகத் திறக்கும், தினமும்.
இன்றைக்கு ஹில்டன் பாலம் வருவதற்கு முன்னாலேயே.
விசிறியைப் பார்த்தேன், அதே மூன்று.
வெளியே அதே மூட்டம்.
ஏசிக்கு கேஸ் போட்டாயா என்றாள் ஜெயசீலி.
இல்லை.
பிறகு யாரும் ஒன்றும் கேட்கவில்லை.
உள் கண்ணாடியில் சாலை பூராவும் தெரிந்தது,
அந்தப் பட்டை தவிர.

மெரிவேல் இறக்கத்தில் நொம்புசோவின் போன் சிணுங்கியது.
டம்மாமிலிருந்து. குரல்தான், படமில்லை.

"இங்கே விடியும்போதே முப்பத்தஞ்சு.
ஆஸ்பத்திரி பஸ்ஸுக்குள் ஏசி எலும்பைக் கடிக்குது.
ஆவி பிடிக்குதுடி இங்கேயும், ஆனா வெளிப்பக்கம்!
ஸ்வெட்டர் கையால துடைச்சேன், துடைச்சேன், போகவே இல்ல.
டிரைவர் சிரிச்சுட்டு வைப்பர் போட்டான்.
பின்னாடி தனியா உட்கார்ந்திருக்கேன், சீட்டு நிறைய இருக்கு.
ஆஷ்டிரேயில் என் பங்கு காசு வச்சேனே, எடுத்தியா?"

இன்னொரு தடவை போடு என்றாள் இந்திராணி.
போட்டாள்.
நாலு பேருக்கு நடுவே அதே வேகம், அதே மூச்சிரைப்பு.
கண்ணாடியில் ஒரு பொட்டு ஈரம் ஏறவில்லை.

ஆஷ்டிரேயில் நூற்று நாற்பது ரேண்ட்,
எட்டாக மடித்தது, இருக்கிறது.
நொம்புசோ ஜன்னலை ஒரு விரல் இறக்கினாள்.
கூச்சல் இல்லை.
ஆரஞ்சு விளக்கு தானாகவே அணைந்திருந்தது,
அதற்குக் கொடுத்த நேரம் முடிந்துவிட்டது போல.
தேவையே இல்லை,
மறுபடி அழுத்தினேன்.